அபிவிருத்திக் கல்வியும் தோட்டத் தமிழரும்

மலாயாத் தமிழரைப் போல் ஓயாது எண்ணப்பட்ட மக்கள் உலகில் மிகச் சிலரே இருப்பர். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது எண்ணினார்கள். பினாங்கில் இறங்கும்போது எண்ணினார்கள். பிரட்டுக் களத்தில் நாள்தோறும் எண்ணினார்கள். சீவிய மரங்களை எண்ணினார்கள். ஊற்றிய பாலை நிறுத்தார்கள். பெற்ற பிள்ளைகளைக் குடிக்கணக்கில் சேர்த்தார்கள். நூறாண்டுக்கு மேலாக இவ்வெண்ணிக்கை நடந்து வந்திருக்கின்றது. ஆயினும், இவ்வெண்களை வகுத்தவர் யார், எதற்காக வகுத்தார், வேறு விதமாக வகுத்திருந்தால் நம் வாழ்வு எவ்வாறு இருந்திருக்கும் என்று கேட்கக் கற்றவர் நம்முள் எத்தனை பேர்? இக்குறையைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

உலகத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றில் 'சர்வதேச அபிவிருத்தி' என்னும் பெயரால் ஒரு பாடம் பயிற்றப்படுகின்றது. முதற் பட்டம் பெற்றபின் ஓராண்டோ ஈராண்டோ பயிலும் மேற்படிப்பு அது. ஒரு நாடு செல்வம் கொழிப்பதும் மற்றொரு நாடு வறுமையில் ஆழ்வதும் எதனால்? செல்வம் பெருகிய நாட்டிலும் ஒரு கூட்டத்தார் மட்டும் பின்தங்கி நிற்பதேன்? நிலம் யார் கையில் இருக்கின்றது? உழைப்பவன் கூலியை நிர்ணயிப்பது எது? கடல் கடந்து பிழைக்கச் சென்றவன் கதி யாது? அரசாங்கம் வகுக்கும் திட்டம் எளியவன் வாயிலை எட்டிற்றா என்பதை எவ்வாறு அளந்தறிவது? இவைபோன்ற வினாக்களே அப்பாடத்தின் உட்பொருள். பொருளாதாரம், அரசியல், சரித்திரம், புள்ளிக்கணக்கு ஆகியவற்றைக் கலந்து கற்பிக்கின்றனர். முடிவில் மாணவன் ஓர் ஊரையோ தொழிலையோ தானே ஆராய்ந்து ஆய்வேடு எழுதித் தரவேண்டும்.

மேற்கண்ட வினாக்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகின்றோம். இவற்றுள் நம்மைத் தொடாத வினா ஒன்றேனும் உண்டா? தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆளெடுத்த நாள் முதல், தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியான நாள் வரை, நம் சரித்திரம் முழுவதும் அப்பாடத்தின் அத்தியாயங்களே. பாடம் நாம், படிப்பவர் பிறர். இந்நிலை மாறவேண்டும் என்பதும், நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் கூரிய அறிவுடையோர் சிலரேனும் இத்துறையின் மேற்படிப்பில் புகவேண்டும் என்பதுமே நம் வாதம்.

இதனால் விளையும் நன்மை யாது என்று கேட்போர்க்கு ஓர் உதாரணம் காட்டுவோம். செக்ரோல் எழுதும் கிராணிமார்களாகிய நமக்குக் கோட்டின் வலிமை நன்கு தெரியும். ஒருவன் பெயருக்கு நேரே முழுநாள் என்று குறித்தால் ஒரு கூலி; அரைநாள் என்று குறித்தால் வேறு கூலி. அவன் சிந்திய வியர்வை ஒன்றே. ஆபீஸில் இழுக்கும் கோடு மாறினால் அவன் வீட்டு உலை மாறுகின்றது. இதே கோட்டை நாட்டளவில் இழுத்தால் அதற்கு வறுமைக்கோடு என்று பெயர். மலேசியாவில் அக்கோடு குடும்பம் ஒன்றுக்கு மாதம் 980 ரிங்கிட் என்று வகுக்கப்பட்டிருந்தது. அதனால் 2016ஆம் ஆண்டின் கணக்குப்படி நாட்டில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 0.4 என்றனர், அதாவது ஆயிரம் குடும்பங்களில் நான்கு. கணவன், மனைவி, பிள்ளைகள் நால்வர் என்று ஆறு வயிறுகளுள்ள வீட்டில் ஆயிரம் ரிங்கிட் வந்துவிட்டால் அவ்வீடு ஏழை வீடன்று என்பது அக்கணக்கின் தீர்ப்பு!

2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் வறுமை விசாரணையாளராகிய பிலிப் ஆல்ஸ்டன் இந்நாட்டுக்கு வந்து, 11 நாள் சுற்றிப் பார்த்து, இக்கணக்கு உண்மை நிலைக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகக் கூறினார். உள்நாட்டு அறிஞர் சிலர் முன்னரே கூறியதைத்தான் அவரும் கூறினார். எனினும் வெளியார் வாய்க்கு உரத்த ஓசையுண்டு. முதலில் மறுத்த அரசாங்கம், 2020 ஜூலையில் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்திற்று. உடனே 2019ஆம் ஆண்டின் வறுமை நூற்றுக்கு 5.6 ஆயிற்று, நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஏழைகள் என்று ஏட்டில் ஏறின. அன்றிரவு எவரும் புதிதாக வறுமை எய்தவில்லை. அவர்கள் முன்பும் ஏழைகளே. அளவுகோல் அவர்களைக் காணாதிருந்தது. காணப்படாதவனுக்கு உதவித்தொகை ஏது? அவன் பிள்ளைக்குப் புத்தகம் ஏது? ஓர் எண்ணைப் பிரித்துப் பார்த்து, 'இது பொருந்தாது' என்று ஆதாரத்தோடு மறுக்கவல்ல கல்வி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. நம்மைக் காண வருவோர் எவ்வாறு காண்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பாக மகா கனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட வந்தார். ஆங்கிலப் புலமையில் உலகம் போற்றியவர். 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை, 1928இல் வகுத்த கூலியை, அதாவது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதமும் பெண்ணுக்கு 40 சதமும், திரும்ப அளிக்கலாம் என்றது. தொழிலாளர் இந்நாட்டுக்கு வருவதைத் தடுக்கக் காரணம் இல்லை என்றும் கூறிற்று. ஒரே மரத்தை ஒரே கத்தியால் சீவும் பெண்ணுக்குப் பத்துச் சதம் குறைவது அவர் நெஞ்சை உறுத்தியதாகத் தெரியவில்லை. மலாயா இந்தியர் பலர் அவ்வறிக்கையைக் கண்டித்தனர். அடுத்த ஆண்டே, 1938இல், இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தவேண்டி வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டு, ஆர். எச். நாதன் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பெரிய மனிதர் கண்ணுக்குப் படாத நெருப்பு நான்கே ஆண்டுகளில் கொழுந்துவிட்டு எரிந்தது.

இப்பார்வைக் கோளாறுக்கு அபிவிருத்திக் கல்வியிலேயே ஓர் அத்தியாயம் உண்டென்பது அறியத்தக்கது. இங்கிலாந்தில் சசெக்ஸ் சர்வகலாசாலையை அடுத்து 1966இல் நிறுவப்பட்ட அபிவிருத்தி ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். நகரத்திலிருந்து வரும் விசாரணைக்காரர் சாலையோரத்தைக் காண்பர்; சேறில்லாத மாதத்தில் வருவர்; ஊர்ப் பெரியவரோடு பேசுவர்; பெண்களிடம் பேசாது திரும்புவர்; நோயாளி பாயில் கிடப்பதால் அவனைக் காணார் என்றார். நம் சாஆவைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். சிகாமட் மாவட்டத்தில் லாபிஸுக்கும் யோங் பெங்குக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. காரில் செல்வோர்க்குக் கடைவரிசையும் செம்பனை நிரைகளும் தெரியும். செம்மண் பாதையில் உட்புகுந்தால் மட்டும் தெரியும் வீடுகள் தெரியா. 1994இல் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முற்றுப்பெற்ற பின்னரோ, பலர் அக்கடைவரிசையையும் காண்பதில்லை. செம்மண் பாதையின் கடைசி வீட்டை அறிந்தவன், அவ்வீட்டில் வளர்ந்தவனே. அவன் கையில் ஆராய்ச்சிக் கருவியைக் கொடுக்க வேண்டாமா?

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? டாக்டர் வேலைக்குப் படித்தால் கௌரவம். வக்கீலுக்குப் படித்தால் வருமானம். இதைப் படித்து என்ன உத்தியோகம்?' என்று பெற்றோர் கேட்கின்றனர். வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் கேட்கும் கேள்வியாதலின் இதனை நாம் எள்ளி நகையாடோம். டாக்டரும் வேண்டும், வக்கீலும் வேண்டும். ஆனால் 1901இல் கிள்ளானில் காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போனபோது, டாக்டர் மல்கம் வாட்சன் மருந்து கொடுத்ததோடு நின்றாரா? சதுப்பு நீரை வடித்தார், காட்டை வெட்டுவித்தார், அதன்பின்னரே காய்ச்சல் தணிந்தது. நோயாளியைப் பார்ப்பது ஓர் அறிவு. நோய் ஏன் எளியவர் குடியிருப்பையே நாடி வருகின்றது என்று பார்ப்பது மற்றோர் அறிவு. முன்னதற்கு நம்மவரிடம் போட்டி மிகுதி, பின்னதற்கு ஆளில்லை.

உத்தியோகமும் இல்லாமற் போகவில்லை. அரசாங்கத் திட்டப் பகுதிகள், ஐக்கிய நாட்டு அமைப்புகள், ஆராய்ச்சிக் கழகங்கள், நிதி நிறுவனங்கள், தொண்டு சங்கங்கள் எல்லாம் இப்படிப்பாளரை எடுத்துக்கொள்கின்றன. அவ்வளவு தூரமும் போகவேண்டாம். செம்பனை எண்ணெய் நேரிய முறையில் விளைந்ததா என்று சான்றளிக்க 2004இல் ஓர் அனைத்துலக அமைப்பு தோன்றிற்று. அதன் தலைமைச் செயலகம் கோலாலம்பூரிலேயே இருக்கின்றது. அதன் விதிப்படி தணிக்கையாளர் தோட்டத்துக்கு வருகின்றனர். கூலி எவ்வளவு, வீடு எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்கின்றனர். கிராணி கோப்புகளை எடுத்து மேசைமேல் வைக்கின்றான். எந்தக் கோப்பில் எது இருக்கும், எது இராது என்பதைக் கிராணி அறிவான். கேட்பவர் பல சமயம் அறியார். கிராணியின் மகள் அம்மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்கலாகாதா?

கிராணி வேலையிலிருந்து எங்கே போய்விட முடியும் என்று நகைப்போர்க்கு ஆர்தர் லூயிஸின் சரித்திரத்தைச் சொல்வோம். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ட் லூசியாவில் 1915இல் பிறந்த கறுப்பர் அவர். 14 வயதில் பள்ளியை முடித்து அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக அமர்ந்தார். என்ஜினியராக விரும்பினார், ஆனால் கறுப்பு என்ஜினியருக்கு அரசாங்கமும் வெள்ளையர் கம்பெனிகளும் வேலை தரமாட்டா என்றறிந்து, உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் வணிகமும் பொருளாதாரமும் கற்றார். மேற்கிந்தியத் தோட்டத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்த காலத்தில், அவர்களின் நிலையை விளக்கி 1939இல் சிறுநூல் எழுதினார். 1954இல் வெளியிட்ட ஒரு கட்டுரையால் அபிவிருத்திப் பொருளாதாரத்துக்கே அடிகோலினார். 1979இல் நோபல் பரிசு பெற்றார். தோட்டத் தீவின் கிளார்க் ஒருவர் உலகத்துக்கு ஆசானானது கட்டுக்கதையன்று.

அவர் 1954இல் கூறியது யாதெனின், குறைந்த கூலிக்கு ஆட்கள் வற்றாது வந்துகொண்டிருக்கும் வரையில், தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் கூலி உயராது. இலாபமே உயரும் என்பது. நம் பாட்டனாரின் வாழ்வை நான்கு வரியில் அடக்கிய வாக்கியம் இது! கங்காணி முறை 1938இல் ஒழிந்தது. இன்று வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். அன்று கங்காணி கொடுத்த முன்பணம் கழுத்தில் கடனாய்த் தொங்கிற்று. இன்று ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் கடனாய்த் தொங்குகின்றது. கடனால் கட்டுதல், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தல், கூலியை நிறுத்தி வைத்தல் என்று கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கின்றது. இத்தகைய அடையாளங்கள் உண்டென்று கூறி, 2020இல் மலேசியாவின் பெரிய செம்பனை நிறுவனங்கள் இரண்டின் எண்ணெயை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்திற்று.

இங்கே நம்மவர்க்கு ஒரு கசப்பான வார்த்தை சொல்லியாகவேண்டும். நேற்றுவரை 'கூலி' என்று இழிக்கப்பட்டவரின் பேரன், இன்று வங்காள தேசத்துத் தொழிலாளியை அதே குரலில் அதட்டுவதை நாம் காண்கின்றோம். துரையின் நாற்காலி கிடைக்கவில்லை. துரையின் நாக்கு மட்டும் கிடைத்துவிட்டது! இவ்விழிவை நீக்கும் மருந்தும் அக்கல்வியில் இருக்கின்றது. தன் பாட்டன் கதையும் அவன் கதையும் ஒரே கதை என்று கற்றவனுக்கு அதட்டும் குரல் எழாது. தன் இனத்துக்கு மட்டும் நியாயம் கேட்பவன் வழக்காளி. எவர்க்கும் நியாயம் கேட்பவனே சீர்திருத்தக்காரன்.

மற்றொரு சாரார், 'இஃது வெள்ளையர் படிப்பு. அவர்கள் நம்மை அளப்பதற்கென்று செய்த கோல்' என்பர். இதில் பாதி உண்மை. 1949 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தம் பதவியேற்புப் பிரசங்கத்தில் ஏழை நாடுகளைப் 'பின்தங்கிய பிரதேசங்கள்' என்று குறித்த பின்னரே இப்பேச்சு உலகெங்கும் பரவிற்று. எனினும் கோலை மாற்றியவர் யார்? வருமானத்தை மட்டும் அளப்பது போதாது, ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளக்கவேண்டும் என்று 1990இல் மனிதவள அபிவிருத்திக் குறியீட்டை உலகத்தின் முன் வைத்தவர் பாகிஸ்தானியராகிய மஹ்பூப் உல் ஹக். உடன் நின்றவர் வங்காளத்து அமர்த்தியா சென். நம் தமிழகத்திலோ, 1910இல் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா, ஐக்கிய நாட்டுக் கல்விக் கழகமாகிய யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். ஓய்வு பெற்றபின் பாரிஸில் தங்கிவிடவில்லை. சென்னைக்குத் திரும்பி, தம் மனைவியாரோடு 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தமிழ்நாட்டு உழவையும் கல்வியையும் தொழிலையும் தமிழ்நாட்டிலிருந்தே ஆராயும் அந்நிறுவனம் இன்றும் டாக்டர் பட்டத்துக்கு மாணவரைப் பயிற்றி வருகின்றது.

ஏன், நம் மண்ணில் விளைந்த பாடமே இருக்கின்றதே! 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தெருவில் நின்றனர். பேராசிரியர் உங்கு அஸீஸ் அத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். பால்மரம் சீவியவன் தோட்டத்துக்குப் பங்காளியானான். உலகத்து வகுப்பறைகளில் கூட்டுறவுக்கு உதாரணமாய் நிற்கவேண்டிய முயற்சி அது. அது எதனால் கைகூடிற்று? பங்குதாரர் குடும்பங்கள் அடைந்த பயன் எவ்வளவு? எல்லாத் தொழிலாளரையும் அது காக்க இயலாமற் போனதேன்? இவ்வினாக்களுக்குப் புகழுரையும் விடையன்று, வசையுரையும் விடையன்று. கணக்கேட்டையும் முதியோர் வாய்மொழியையும் ஒருசேர ஆராய்ந்து எழுதுவோர் வேண்டும். அம்முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

'படித்தவன் திரும்பிவரான், லண்டனிலோ ஜெனீவாவிலோ தங்கிவிடுவான்' என்பது கடைசி எதிர்வாதம். சிலர் தங்குவர்; மறுப்பதற்கில்லை. அதற்கும் வழியுண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் உபகாரச் சம்பளம் இந்நாட்டாருக்கும் கிடைக்கின்றது. ஓராண்டு மேற்படிப்புக்குரிய அது, 2,800 மணி நேர வேலை அனுபவத்தை எதிர்பார்க்கின்றது. படித்து முடித்தவர் தாய்நாட்டில் ஈராண்டு இருக்கவேண்டும் என்றும் விதிக்கின்றது. ஈராண்டு தோட்ட ஆபீஸில் பேனா பிடித்தவனுக்கு முதல் விதி தடையாகாது. இரண்டாம் விதி நமக்குச் சாதகமானது. வெளிநாடு செல்ல இயலாதோர், உள்நாட்டுச் சர்வகலாசாலைகளிலேயே பொருளாதாரமும் சமூக இயலும் மேற்படிப்பாகக் கொண்டு இவ்வாராய்ச்சியில் இறங்கலாம்.

ஆங்கிலம் கற்ற தோட்டத்து வாலிபரும் நகரத்துச் சங்கத்தாரும் கூடிச் செய்யவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள தமிழர் சங்கங்கள், ஆண்டு விழா விருந்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு மாணவனையோ மாணவியையோ இம்மேற்படிப்புக்கு ஆயத்தம் செய்யட்டும். பெண்களுக்கு முதலிடம் தருக. லயத்து வாழ்வின் முழுச் சுமையையும் அறிந்தவர் அவர்களே. உதவி பெறுவோர்க்கு இரண்டே நிபந்தனைகள் போதும். ஆய்வேடு நம் தோட்டங்களில் ஒன்றையோ, தோட்டத்தை விட்டு நகரப் புறத்தில் குடியேறியவர் வாழ்வையோ பற்றியதாக இருக்கவேண்டும். அதன் சாரத்தைத் தமிழில் எழுதி, எவரைப் பற்றி எழுதினாரோ அவர் முன்னிலையில் படித்துக் காட்டவேண்டும். சர்வகலாசாலைப் பேராசிரியர் கேட்காத கேள்வியை அங்கே ஒரு கிழவி கேட்பாள். அதற்கு விடை சொல்லத் தெரிந்தவனே தேறியவன்.

மாணவரும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஆங்கிலம் மட்டும் போதாது. அரசாங்கத் திட்டங்களும் அறிக்கைகளும் மலாய் மொழியில் இருக்கின்றன. மக்கள் நெஞ்சம் தமிழில் இருக்கின்றது. மூன்று மொழியும் ஒருவன் நாவில் அமைவது உலகத்தில் அரிது; தோட்டத்துப் பிள்ளைக்கு அது பிறந்த வீட்டுச் சீதனம். லண்டன் மாணவன் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெறவேண்டியதை நம் பிள்ளை பள்ளிக்கூடத் திண்ணையிலேயே பெற்றிருக்கின்றான். அச்சீதனத்தை விற்பனைக் கடைக் கல்லாவில் மட்டும் செலவழிப்பது எவ்வளவு பெரிய வீண்!

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டம் கூறுகின்றது. மழை நாளிலும் காய் குறைந்த மாதத்திலும் எத்தனை பேர் கைக்கு அது முழுதாக வந்து சேர்கின்றது, வாடகையும் பள்ளிச் செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு, 1,700 என்னும் எண் எவ்வாறு பிறந்தது, அது 2,000 ஆனால் யாருக்கு நட்டம், யாருக்கு நலம்? இக்கேள்விகள் இன்றே விடை கேட்டு நிற்கின்றன. விடைக்கு வேண்டிய சான்றுகள் நம் தோட்டத்து ஆபீஸ் அலமாரிகளிலும் அடுக்களைகளிலும் இருக்கின்றன. அவற்றைத் திரட்டி, ஆராய்ந்து, அமைச்சர் மேசையிலும் அனைத்துலகச் சபையிலும் மறுக்கவொண்ணாத முறையில் எடுத்துவைக்கும் ஆட்களே இல்லை. இவ்வாண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நிலையிலுள்ள வாலிபர்களே, மங்கையர்களே, முன்வாருங்கள்! சங்கத் தலைவர்களே, அவர்களுக்கு வழிச்செலவு கொடுங்கள்! நம்மைப் பற்றிய அடுத்த அறிக்கையை நம் பிள்ளைகள் எழுதட்டும்.